முதல் அமர்வின் குறிப்பு

ராஸ் அல் கைமா. அலையாத்திக் காட்டை ஒட்டிய
விடுதியின் இரண்டாம் மாடி.
ஏழு அறிஞர்கள். நான் எட்டாவது,
குறிப்பெடுக்க மட்டும்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை
சன்னலுக்கு வெளியே கிடக்கும் நீருக்கு
அறிக்கையில் என்ன பெயர் எழுதுவது என்று பேசினார்கள்.
மஹ்னாஸ் ஒரு பெயரைச் சொன்னார்,
ஹுமைத் இன்னொன்றை.
இருபது வருடப் பழக்கம், ஒரே தட்டில் பேரீச்சை எடுப்பவர்கள்;
இன்று கொட்டைகளை
வேறு வேறு கிண்ணத்தில் போட்டார்கள்.

உங்கள் மொழியில் என்ன, என்று என்னைக் கேட்டார்கள்.
வளைகுடா என்றேன்.
வளைந்து உள்ளே வந்த கடல். அவ்வளவுதான்.
யார் பெயரும் அதில் இல்லை.
அழகு, என்றார் மஹ்னாஸ்.
நான் சொல்லாமல் விட்டது:
எங்கள் கடையநல்லூரில் அந்தச் சொல்லுக்குள்
தண்ணீரே கிடையாது.
விசா உண்டு, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி உண்டு,
வெள்ளிக்கிழமை அழைப்பு உண்டு.
கடலும் உண்டென்று
இங்கே இறங்கிய பிறகுதான் எனக்கே தெரியும்.

சாப்பாட்டுக்கு முன் சட்டம்.
ஒரு கப்பல். (பெயர் வேண்டாம் என்று
இதில் மட்டும் உடனே முடிவானது.)
செயற்கைக்கோள் சமிக்ஞையை யாரோ குழப்பிவிட,
திரையில் அது விமான நிலைய ஓடுபாதையில் நின்றது,
வயிறு நிறைய எண்ணெயோடு.
ஓடுபாதையில் நிற்கும் கப்பலுக்கு எந்த நாட்டுச் சட்டம்?
ஹுமைத் மூன்று வழி சொன்னார்.
மஹ்னாஸ் நான்காவதைச் சொல்லி
முதல் மூன்றையும் உடைத்தார்.
உள்ளே இருந்த மாலுமிகள்? என்றார் குணாளினி.
அது நாளைய அமர்வு, என்றார் தலைவர்.

குணாளினிக்கு ஊர் யாழ்ப்பாணம், பாடம் போர்ச் சட்டம்.
'பாதுகாப்பு வலயம்' என்ற சொல் வரும்போதெல்லாம்
பேனா மூடியைத் திறந்து மூடினார்.
ஒன்பது தடவை.
அதையும் எழுதினேன்,
பிறகு அடித்தேன்.

மொகுதூம் காயல்பட்டினத்துக்காரர்,
உப்பு நீக்கும் ஆலைகளில் வேதியியல் பார்க்கிறவர்.
முன்னால் இருந்த தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக் காட்டினார்:
"காலையெல்லாம் நீங்கள் சண்டை போட்ட கடல் இதுதான்.
நீரை எடுத்துக்கொண்டு
உப்பைத் திரும்ப ஊற்றுகிறோம்.
நாம் குடிக்கக் குடிக்க அது கனத்துக்கொண்டே போகிறது.
நாளைக்கு அந்தக் கப்பல் உடைந்தால்
இந்த ஊருக்கு எத்தனை நாள் குடிநீர், தெரியுமா?"
ஓர் எண்ணைச் சொன்னார்.
யாரோ ஒரு மூடியைத் திருகும் சத்தம்.
அந்த எண் குறிப்பில் வேண்டாம், என்றார்கள்.
அதனால் இங்கேயும் இல்லை.

மதியம் ஜனநாயகம்.
கட்டுரை தொடங்கும் முன்பே அறை குளிர்ந்துபோனது.
ஏசியைக் குறைப்பதா, வேண்டாமா? கை தூக்குங்கள்.
நாலுக்கு மூன்று. குறைக்கலாம்.
பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளைத் தகடு.
கட்டுப்பாடு கீழே இருக்கிறது, என்றார் பணியாளர் லோக்பகதூர்.
கீழே கேட்டால், மேலே என்றார்கள்.
வென்ற நால்வரும் தோற்ற மூவரும்
மேசை விரிப்பை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு
மக்களின் தீர்ப்பு பற்றிய கட்டுரையைக் கேட்டார்கள்.
நல்ல கட்டுரை. அடிக்குறிப்புகள் மட்டும் அதிகம்.

மாலை ஏழரை. வாசலில் நிற்கிறோம்.
டாக்சிக்குக் கைபேசியைத் திறந்தால்
எட்டுப் பேரும் நடுக்கடலில் இருக்கிறோம்.
நீலப் புள்ளி,
நீலத்தின் மேல்.
மஹ்னாஸ் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.
ஓட்டுநர் கூப்பிட்டார், பெஷாவர்ப் பேச்சு:
"எங்கே நிற்கிறீர்கள்? பக்கத்தில் என்ன தெரிகிறது?"
ஹுமைத் ஒரு கணம் மஹ்னாஸைப் பார்த்தார்.
"கடல்," என்றார். "கடலுக்குப் பக்கத்தில்."

"இன்றைக்கு எல்லோரும்
அதைத்தான் சொல்கிறார்கள்," என்றது கைபேசி.